சிங்கப்பூர்ச் சம்பளமா, காரைக்குடிச் சம்பளமா: மணிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர்ப் பக்கம் யார் வெளிநாடு போனாலும் தெருவில் முதலில் விழும் கேள்வி, "தம்பி மாசம் எம்புட்டு அனுப்புறான்?" என்பதுதான். அந்தப் பணத்துக்கு அவன் எத்தனை மணி நேரம் நிற்கிறான் என்று எந்த ஆச்சியும் கேட்பதில்லை. ஏஜென்ட் வாயிலிருந்தும் அந்த எண் வராது. இரண்டு நாட்டுச் சம்பளத்தைச் சரியாக ஒப்பிட வேண்டுமானால் மாதத்தை விட்டுவிட்டு மணியைப் பிடிக்க வேண்டும். கையில் மிஞ்சும் ரூபாயை, வேலைக்காகப் போகும் மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். செய்வது அவ்வளவுதான். ஆனால் மேலே என்ன வைக்கிறோம், கீழே என்ன வைக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

இங்கே சிங்கப்பூர்க் கட்டுமான வேலையை எடுத்துக்கொள்கிறோம். காரைக்குடி வட்டாரத்துக் கொத்தனாரோ கம்பி கட்டுபவரோ ஒர்க் பெர்மிட்டில் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சம்பளம், செலவு, டாலர் மதிப்பு எல்லாம் கணக்குக் காட்டுவதற்கு வைத்த எண்கள். உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சட்ட விதிகள் மட்டும் உள்ளபடி.

எந்தக் காலத்துக்குக் கணக்கு?

ஒரு மாதத்தை ஒரு மாதத்தோடு ஒப்பிட வேண்டாம். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் நகரத்தார் கடைகளுக்கு ஏஜென்டாகப் போனவர்களுக்கு மூன்று வருஷத் தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதினார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் (நகரத்தார் கடைகள் இருந்த கட்டடம்) இருந்தவர்களும் தவணை முடிந்து ஊர் திரும்பும்போதுதான் நிகரம், அதாவது செலவு போக மிச்சம், பார்த்தார்கள். அந்த முறைதான் சரி. இன்றைய ஒர்க் பெர்மிட் பெரும்பாலும் இரண்டு வருஷம். ஆகவே இரு பக்கமும் 24 மாதத்துக்குக் கணக்குப் போட்டு, பிறகு மாதத்துக்கும் மணிக்கும் பிரியுங்கள்.

ஊர்ப் பக்கக் கணக்கில் இது இன்னும் முக்கியம். கொத்தனார் சம்பளம் நாளுக்கு 900 என்றால் உடனே 26-ஆல் பெருக்கி 23,400 என்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டு வேலை யாரும் தொடங்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை, வைகாசியில் திருவிழாவும் கல்யாணமும். போன பன்னிரண்டு மாதத்தில் உண்மையில் வேலைக்குப் போன நாட்களைக் கூட்டி 12-ஆல் வகுத்தால் இருபதோ இருபத்திரண்டோதான் வரும். நாம் 22 என்று வைப்போம்.

முதலில் கையில் இருக்க வேண்டிய தாள்

சிங்கப்பூர் வேலைக்கு ஐபிஏ என்னும் முன் அனுமதிக் கடிதம் வரும். தொழிலாளிக்கான பிரதி அவருடைய தாய்மொழியிலும் கிடைக்க வேண்டும், அதுவும் கிளம்பும் முன்பே. அதில் நான்கு வரிகளைத் தேடுங்கள்: மாத பேஸிக் (அடிப்படைச் சம்பளம்), நிலையான படிகள், நிலையான பிடித்தங்கள், ஏஜென்ட் கட்டணம். வாய்ப்பேச்சில் "ஆயிரத்து முந்நூறு வெள்ளி" (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்) என்று சொன்னதும் இந்தத் தாளில் இருப்பதும் ஒன்றாக இருக்காது. சொன்னதில் ஓவர்டைமையும் சேர்த்திருப்பார்கள். கணக்குக்கு எடுக்க வேண்டியது தாளில் உள்ளதை மட்டும். அந்த பேஸிக்கை முதலாளி பிறகு குறைக்க வேண்டுமானால் தொழிலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் தெரிவித்தாக வேண்டும்.

பேஸிக் எவ்வளவு, படி எவ்வளவு என்று ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்? ஓவர்டைம் பேஸிக்கின் மேல்தான் கணக்காகும். 900 வெள்ளி பேஸிக் ஒரு வேலை; 500 பேஸிக், 400 படி என்று 900 வரும் வேலை இன்னொன்று. பார்க்க இரண்டும் ஒன்றுதான். மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் முதல் வேலையில் 425 வெள்ளி, இரண்டாவதில் 236 வெள்ளி. மாதம் 12,000 ரூபாய்க்கும் மேல் அடிபடுகிறது.

ஒரு மணி நேரத்தின் விலை

சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி சாதாரண வேலை வாரத்துக்கு 44 மணி நேரம். மணிக்கான பேஸிக் காண இதுதான் வாய்பாடு:

மாத பேஸிக் × 12 ÷ (52 × 44)

900 வெள்ளிக்கு 10,800 ÷ 2,288 = 4.72 வெள்ளி. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 7.08. உடலுழைப்புத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் 4,500 வெள்ளி வரை இந்த விதி பொருந்தும். ஒரு நாளில் ஓவர்டைமையும் சேர்த்து 12 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. மாதத்துக்கு ஓவர்டைம் 72 மணி வரைதான். "மாசம் நூத்திருபது மணி ஓ.டி. (ஓவர்டைம்) கியாரண்டி" என்று யாராவது சொன்னால், அந்தச் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதலாளி தனியாக விலக்கு வாங்கியிருந்தாலொழிய அது சட்டப்படி வரவே வராத காசு.

ஞாயிறு வேலை தனிக் கணக்கு. முதலாளி கேட்டு, ஓய்வு நாளில் அரை நாளுக்கு மேல் வேலை பார்த்தால் இரண்டு நாள் சம்பளம். வாரம் ஆறு நாள், 900 பேஸிக் என்றால் ஒரு நாள் 34.62, இரண்டு நாளுக்கு 69 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். அதையே வெறும் ஒன்றரை மடங்காக எட்டு மணிக்குப் போட்டால் 56.64 தான். பே-ஸ்லிப்பில் ஞாயிறையும் ஓவர்டைம் வரியிலேயே சேர்த்து எழுதியிருந்தால் ஒவ்வொரு ஞாயிறும் 12 வெள்ளி போல் போகிறது. ஞாயிறு வேலையைத் தொழிலாளியே கேட்டு வாங்கினால் முழு நாளுக்கு ஒரு நாள் சம்பளம் மட்டுமே. ஆகவே யார் கேட்டது என்பது எழுத்தில் இருக்கட்டும்.

நம் பக்கம் தொழிற்சாலைகளுக்குச் சட்டப்படி வாரத்துக்கு 48 மணி, ஓவர்டைமுக்கு இரு மடங்கு. விதியை மட்டும் வைத்துப் பார்த்தால் சிவகங்கை மாவட்டத்து நூற்பாலையின் ஓவர்டைம் விகிதம் சிங்கப்பூரை மிஞ்சுகிறது! கைக்கு வந்ததா என்று பே-ஸ்லிப்பைப் பார்த்து எழுதுங்கள். விதியைப் பார்த்து எழுதாதீர்கள்.

நேரத்தை முழுசாக எண்ணுங்கள்

சம்பளம் தரும் நேரம் வேறு, வேலைக்காகப் போகும் நேரம் வேறு. 44 × 52 ÷ 12 என்றால் மாதத்துக்குச் சுமார் 191 மணி. ஓவர்டைம் 60 சேர்ந்து 251. டார்மிட்டரியிலிருந்து (தொழிலாளர் விடுதி) சைட்டுக்கு லாரியிலோ பஸ்ஸிலோ போக வர இரண்டு மணி நேரம் என்றால் 26 நாளைக்கு 52. ஆக 303 மணி. லாரி வர அரை மணி முன்னால் கீழே நிற்பது, சைட்டில் காலைக் கூட்டம், சாயங்காலம் மற்ற சைட் ஆட்களை ஏற்ற வண்டி சுற்றுவது எல்லாம் இதில் அடங்கும். அங்கே இருப்பவரிடம் "வேலை எத்தனை மணி?" என்று கேட்காமல், "காலையில எத்தனை மணிக்கு எந்திரிச்சு கிளம்புற, ராத்திரி எத்தனை மணிக்கு ரூமுக்கு வர்ற?" என்று கேளுங்கள். சரியான விடை அப்போதுதான் வரும்.

ஊரில் 22 நாள் × 8 மணி = 176; பைக்கில் போக வர ஒரு மணி வீதம் 22; ஆக 198. மதியச் சாப்பாட்டு நேரத்தை இரு பக்கமும் விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் சேர்த்து ஒரு பக்கம் விட்டால் கணக்கு கோணலாகும்.

பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

வெள்ளியை ரூபாயாக்குவதில்தான் படித்தவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். ஒரு சாரார் முழுச் சம்பளத்தையும் அன்றைய மாற்று விலையால் பெருக்குகிறார்கள். இன்னொரு சாரார், அங்கே விலைவாசி அதிகம் என்று வாங்கும் சக்தி விகிதத்தைக் கொண்டுவந்து முழுச் சம்பளத்தையும் சுருக்கிவிடுகிறார்கள். ஊருக்கு அனுப்பும் ஆளுக்கு இரண்டுமே பொருந்தாது. அங்கே சாப்பிட்டுத் தீர்க்கும் காசுக்கு அந்த ஊர் விலை. காரைக்குடி செக்காலை ரோட்டில் மளிகைக்கும், பிள்ளை பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் போகும் காசுக்கு நம் ஊர் விலை. ஆகவே முதலில் அங்கத்திய செலவை வெள்ளியிலேயே கழியுங்கள். மிச்சத்தை மட்டும் ரூபாயாக்குங்கள். குடும்பத்தோடு அங்கே குடியேறுபவருக்குத்தான் வாங்கும் சக்திக் கணக்கு வேண்டும்.

மாற்று விலை என்பது இணையத்தில் காட்டும் விலை அல்ல, பணம் அனுப்பும் கடை தரும் விலை. வெள்ளிக்கு ஒரு ரூபாய் குறைந்தால்கூட மாதம் ஆயிரம் ரூபாய் போகும். இங்கே வசதிக்காக 65 என்று வைக்கிறோம்.

பேஸிக் 900, ஓவர்டைம் 425, ஆக 1,325 வெள்ளி.
சாப்பாடு 180, போனும் கைச்செலவும் 70, அனுப்பும் கட்டணம் 5. மீதி 1,070 வெள்ளி.
1,070 × 65 = 69,550 ரூபாய்.

தங்குமிடத்துக்குப் பிடித்தம் உண்டென்று ஐபிஏ சொன்னால் அதையும் கழிக்க வேண்டும். லெவி என்று ஒன்று இருக்கிறது. அது முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டியது, தொழிலாளி சம்பளத்தில் கை வைக்கக்கூடாது. பே-ஸ்லிப்பில் அந்தப் பெயரில் பிடித்தம் இருந்தால் அது குற்றம். சிபிஎஃப் சேமநிதி சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. ஒர்க் பெர்மிட்டில் பிடித்தமும் இல்லை, முதலாளி பங்கும் இல்லை.

ஊர்ப் பக்கம்: 22 × 900 = 19,800. அவருடைய சாப்பாடு, டீ, பெட்ரோல் 3,800 கழிந்தால் 16,000. அங்கே சாப்பாட்டைக் கழித்தால் இங்கேயும் கழிக்க வேண்டும். வீட்டுச் சாப்பாடு இலவசம் இல்லை. ஊரில் பிஎஃப், இஎஸ்ஐ உள்ள கம்பெனி வேலையோடு ஒப்பிடுகிறீர்களா? அப்படியானால் முதலாளி போடும் 12 சதவீத பிஎஃப் பங்கையும், குறைந்தது 8.33 சதவீத போனஸையும், கிராஜுவிட்டியையும் ஊர்ப் பக்கத்தில் கூட்டுங்கள். சிங்கப்பூரில் இந்தத் தொழிலாளிக்குச் சட்டப்படி இவை மூன்றும் கிடையாது.

போவதற்கான முதல், அதன் வட்டி, சும்மா இருந்த மாதம்

ஏஜென்ட், திறன் தேர்வுப் பயிற்சி, மெடிக்கல், டிக்கெட் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் என்று வைப்போம். நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கி, மாதம் சமமாக முதலை அடைத்துப் பன்னிரண்டு மாதத்தில் தீர்த்தால் வட்டி மட்டும் 32,500. இதையே வங்கியில் நகையை வைத்து வாங்கினால் பாதிக்கும் கீழே வரும். வீட்டில் நகையைப் பூட்டிவைத்துவிட்டு ரெண்டு வட்டிக்கு அலைவது நம் ஊரில் நடக்கிற கூத்து.

எல்லாரும் மறப்பது பயிற்சி மையத்திலும் காத்திருப்பிலும் போன மாதங்கள். இரண்டு மாதம் என்றால் ஊர்ச் சம்பளத்தில் 32,000 போச்சு. ஆக 2,50,000 + 32,500 + 32,000 = 3,14,500. இதை 24-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 13,104.

சிங்கப்பூரில் இருக்கும் ஏஜென்சி வாங்கும் கட்டணத்துக்கு அந்நாட்டு உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். இங்கே பதிவுபெற்ற ஆளெடுப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும். லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் எந்தத் தலைப்பில் என்று ரசீது கேளுங்கள். ரசீது இல்லாவிட்டாலும் அந்தத் தொகை கணக்கில் ஏறத்தான் வேண்டும்.

வகுத்துப் பாருங்கள்

சிங்கப்பூர்: 69,550 − 13,104 = 56,446. அதை 303-ஆல் வகுத்தால் மணிக்கு 186 ரூபாய்.
காரைக்குடி: 16,000 ÷ 198 = மணிக்கு 81 ரூபாய்.

மாதச் சம்பளத்தை அப்படியே வைத்துப் பார்த்தால் 86,000-க்கு எதிரே 19,800. நாலே கால் மடங்குக்கும் மேல். மணிக் கணக்கில் அது 2.3 மடங்காக இறங்குகிறது. இன்னும் லாபம்தான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாலு மடங்கு என்று நம்பிக் கடன் வாங்குவதும் 2.3 மடங்கு என்று தெரிந்து கடன் வாங்குவதும் ஒன்றல்ல. அங்கே சம்பளத்தோடு வரும் 11 அரசு விடுமுறையையும் முதல் வருடத்து 7 நாள் ஆண்டு விடுப்பையும் கழித்து நேரத்தைக் குறைத்தால் மணிக்கு எட்டு ரூபாய் போலக் கூடும்.

இத்தோடு நிறுத்தாதீர்கள். இதே கணக்கை மூன்று விதமாகக் கெடுத்துப் பார்க்க வேண்டும்.

ஓவர்டைம் இல்லாவிட்டால்? 645 வெள்ளி மிஞ்சும், 41,925 ரூபாய். முதலைக் கழித்தால் 28,821. நேரம் 243 மணி. மணிக்கு 119 ரூபாய். ஊர்ச் சம்பளத்தைவிட ஒன்றரை மடங்குகூட இல்லை. அந்த வேலையின் லாபம் முழுக்க ஓவர்டைமில் நிற்கிறது என்று இதிலேயே தெரிந்துவிடும். ஓவர்டைம் தருவதா வேண்டாமா என்பது முதலாளி கையில். ஐபிஏயில் அதற்கு உத்தரவாதம் இல்லை.

ஊரில் கூலி ஏறினால்? நாளுக்கு 1,100 ஆனால் இங்கே மணிக்கு 103. சும்மா இருந்த இரண்டு மாதத்து நஷ்டமும் கூடுவதால் ஓவர்டைம் இல்லாத சிங்கப்பூர் 119-லிருந்து 117 ஆகும். இவ்வளவுக்காகக் கடல் தாண்டுவதா என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் இது.

பாதியில் திரும்ப நேர்ந்தால்? போட்ட முதல், ஊரில் சம்பாதித்திருக்கக்கூடியதையும் தாண்டித் திரும்பி வர, ஓவர்டைம் இருந்தால் ஆறு மாதம். இல்லாவிட்டால் பன்னிரண்டு மாதம். அதற்கு முன் பெர்மிட் ரத்தானால் கைநஷ்டம். கடனின் தவணையை இந்த எண்ணைப் பார்த்து வையுங்கள்.

மலேசியாவும் துபாயும்

வாய்பாடு நாட்டுக்கு நாடு மாறும். மலேசியாவில் மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் நாள் சம்பளம். அதை 8-ஆல் வகுத்தால் மணி. வாரம் 45 மணி நேரம், 2023 ஜனவரியிலிருந்து. ஓவர்டைம் சாதாரண நாளில் ஒன்றரை, ஓய்வு நாளில் இரண்டு, அரசு விடுமுறையில் மூன்று மடங்கு. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அதன்படி மணிக்கு 8.17, ஓவர்டைம் 12.26 ரிங்கிட். பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு மலேசியா போகக் குடியேற்ற அனுமதி வேண்டும். அந்த அனுமதி வேண்டிய நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை.

அமீரகத்தில் வாரம் 48 மணி, ஓவர்டைம் கால் பங்கு கூடுதல் மட்டுமே. இரவு 10 முதல் காலை 4 வரை என்றால் அரைப் பங்கு. அங்கே பேஸிக்கைச் சிறிதாகவும் படியைப் பெரிதாகவும் எழுதுவது சகஜம் என்பதால் மேலே சொன்ன பேஸிக் சோதனை இரட்டிப்பு அவசியம். ஆனால் பணி முடிவில் முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேஸிக் தர வேண்டும். ஒரு வருடமாவது முடித்திருந்தால் அதை வரவில் சேருங்கள்.

பட்டதாரி வேலைக்கும் புள்ளிவிவரத்துக்கும் ஒரு எச்சரிக்கை

என்ஜினீயராகவோ கணக்கராகவோ எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கான சிங்கப்பூர் அனுமதி) போகிறவருக்கு ஓவர்டைம் விதி பெரும்பாலும் பொருந்தாது. உடலுழைப்பு அல்லாத வேலையில் 2,600 வெள்ளிக்கு மேல் போனால் நேர வரம்பும் ஓவர்டைம் உரிமையும் சட்டத்தில் இல்லை. ராத்திரி ஒன்பது மணி வரை அலுவலகத்தில் இருந்தாலும் அதே சம்பளம். ஆகவே இவர்களுக்கு மணிக் கணக்கு இன்னும் முக்கியம். கீழே வைக்க வேண்டியது ஒப்பந்த நேரம் அல்ல, அங்கே உண்மையில் உட்காரும் நேரம்.

கல்லூரிப் பிள்ளைகள் கட்டுரைக்காக இரு நாட்டுச் சராசரியை ஒப்பிடும்போது: சிங்கப்பூர் அரசு அடிக்கடி சொல்லும் இடைநிலைச் சம்பளம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது, முதலாளியின் சிபிஎஃப் பங்கும் சேர்ந்தது. நம் ஆட்கள் யாரும் அந்த எண்ணுக்குள் இல்லை. இந்தியாவின் உழைப்பாளர் கணக்கெடுப்போ மாதச் சம்பளக்காரர், தினக்கூலி, சொந்தத் தொழில் என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறது. அதில் ஒன்றை எடுத்து இதோடு வைத்தால் எடைக்கல்லே வேறாகிவிடும். நேரத்திலும் "வழக்கமாக" உழைப்பதும் "அந்த வாரம்" உழைத்ததும் தனித்தனிப் பத்திகள். இரு நாட்டுக்கும் ஒரே பத்தியிலிருந்து எடுங்கள்.

புதுப்பிக்கும்போது மறுபடி

இரண்டு வருடம் முடிந்து அதே முதலாளியிடம் பெர்மிட்டை நீட்டித்தால் கணக்கு வேறு மாதிரி. ஏஜென்ட் செலவு, பயிற்சி, சும்மா இருந்த மாதம் எல்லாம் இனி இல்லை; 69,550 ÷ 303 = மணிக்கு 230 ரூபாய். லாபமான வருடங்கள் இவைதான். அதனால்தான் சில இடங்களில் புதுப்பிக்க "ஆயிரம் வெள்ளி கொடு" என்ற பேச்சு இந்த நேரத்தில் வருகிறது. வேலை தருவதற்கோ நீட்டிப்பதற்கோ தொழிலாளியிடம் காசு வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். அமைச்சில் புகார் கொடுக்கலாம். கொடுத்தே தீருவேன் என்பவர், அந்த ஆயிரம் வெள்ளி 65,000 ரூபாய் என்றும், இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு முழு மாதத்து உழைப்பு என்றும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.